சுழியோடியின் இடுப்பு

குருநகரில் நீக்கிலாப்பிள்ளை மதித்த மனிதர் என்று எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. வலை இழுப்பவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "மேலை நிண்டு கயித்தை இழுக்கிறதுக்கு என்ன வீரம் வேணும்? கிணத்தடியிலை பொம்பிளையளும் அதைத்தானே செய்யினம்" என்பார். தோட்டம் செய்கிறவர்கள் அவருக்கு மண்ணைக் கிளறுகிற கோழிகள். கந்தோரில் வேலை பார்க்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருடைய மூக்கிலிருந்து ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலின் அடிக்குப் போய் கடலட்டையும் சங்கும் பொறுக்கி வருகிறவன் ஒருவனே ஆம்பிளை. அப்படிப் போகிறவர்களிலும் தன்னளவு ஆழம் போகாதவன் பாதி ஆம்பிளை.

சில சுழியோடிகள் மேலே வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வள்ளத்துக்குள்ளேயே சுருண்டு விழுவார்கள். ஒருவனுக்குக் கால்கள் இரண்டும் இழுபட்டு, ஊன்றுகோலோடு வீட்டில் கிடக்கிறான். நீக்கிலாப்பிள்ளை அவர்களை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. "பயந்தாங்கொள்ளியள். கடலுக்கு ஆளைத் தெரியும்" என்பதுதான் அவர் சொன்ன ஆறுதல்.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவருடைய இடது தொடை இடுக்கில் ஒரு வலி வந்து குடியிருந்தது. வாய்வு என்றார். நல்லெண்ணெய் தேய்த்தார். கீழே போனால் வலி தெரியாது, நீருக்குள் உடம்புக்குப் பாரமில்லை. திரும்பி வந்து வள்ளத்தில் ஏறக் காலைத் தூக்கும்போதுதான் உயிர் போகும். ஒருநாள் றோய் என்ற இளம் சுழியோடி கையைக் கொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. அதற்கு அடுத்த கிழமை நீக்கிலாப்பிள்ளை தொழிலை விட்டார். "எனக்குப் போதும், கடல் காணும். ஏலாததுகளும் கொஞ்சம் பிழைக்கட்டுமெண்டு விட்டுக் குடுத்திட்டன்" என்று ஊருக்குச் சொன்னார். வள்ளங்களின் சொந்தக்காரரான சம்மாட்டி கிறிஸ்துநாயகம் அவருக்குக் கரையில் ஒரு வேலை கொடுத்தார்: சிலிண்டருக்குக் காற்று நிரப்புவது, அட்டை அவிக்கிற இடத்தில் நின்று பார்ப்பது.

மனைவி ஸ்ரெல்லாவை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. அவர் சாரம் மாற்றும்போது சுவரில் சாய்ந்து நிற்பதை அவள் கண்டிருந்தாள்.

"இஞ்சரப்பா, நீங்கள் நடக்கிறதைப் பாத்தால் நாலு பேர் தூக்கிற சுரூபத்தை மூண்டு பேர் தூக்கின மாதிரிக் கிடக்கு. ஒரு பக்கம் சரியுது. ஆஸ்பத்திரிக்குப் போங்கோவன்."

"ஆஸ்பத்திரிக்கு நோயாளியள்தான் போறது" என்றார் அவர்.

ஆனால் ஆஸ்பத்திரி அவரைத் தேடி வந்தது. சுழியோடிகளின் மூட்டுகளை ஆராய்கிற குழு ஒன்று, தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு சனிக்கிழமை வந்து இறங்கியது. நிவேதனா என்ற பெண் டொக்டர்தான் பொறுப்பு. கடலோரமில்லாத இணுவிலைச் சேர்ந்தவள். அவள் கால் மேசு போட்டுச் சப்பாத்து அணிந்திருந்ததை நீக்கிலாப்பிள்ளை வாசலிலேயே கவனித்து, கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவள் என்று முடிவு கட்டினார்.

கதிரை, மேசை, சோடா, றோல்ஸ் எல்லாம் கிறிஸ்துநாயகத்தின் செலவு. ஏன் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல்நாள் மாலையே அவர் சுழியோடிகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்:

"ஒரு நாளைக்கு ரெண்டு தரம் இறங்கிறம், ஏழு எட்டுப் பாகம் ஆழம் எண்டு சொல்லுங்கோ. கூடச் சொன்னியள் எண்டால் மேலிடத்திலை இருந்து ஆக்கள் வந்து கடலிலை இறங்கிற பாஸை நிப்பாட்டிப் போடுவாங்கள். பிறகு பிள்ளையளுக்கு மண்ணைத்தான் அவிச்சுக் குடுப்பியள்."

இப்போது அவர் டொக்டரின் மேசைக்குப் பக்கத்திலேயே, வீட்டுக்காரர் விருந்தை மேற்பார்வை செய்வதுபோல நின்றார். ஒவ்வொருவனாகப் போய் உட்கார்ந்தான். "ரெண்டு தரம், டொக்டர்." "எட்டுப் பாகம், டொக்டர்." வாயெல்லாம் றோல்ஸ் துகள். ஒரு நாளைக்கு ஏழு தரம் இறங்குகிற றோய், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்பாடு ஒப்புவிப்பதுபோல இரண்டு என்றான். வாங்கில் காத்திருந்த நீக்கிலாப்பிள்ளை, தொழிலை மறைக்கிறவன் தகப்பன் பெயரையும் மறைப்பான் என்று நினைத்தார்.

அவருடைய முறை வந்தது.

"ஐயா, நீங்கள் தொழில் செய்த காலத்திலை ஒரு நாளைக்கு எத்தினை தரம் இறங்குவீங்கள்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கிறிஸ்துநாயகம் குனிந்தார். "நீக்கிலானும் மற்றாக்கள் மாதிரித்தான் டொக்டர். ரெண்டு எண்டு போடுங்கோ."

மற்றாக்கள் மாதிரி. அந்தச் சொல் போதுமாயிருந்தது. உண்மை பேசவேண்டும் என்றோ, ஊருக்கு நன்மை வரவேண்டும் என்றோ நீக்கிலாப்பிள்ளை அன்றைக்கு வாய் திறக்கவில்லை. றோயும் தானும் ஒரே வரிசையில் எழுதப்படுவதை அவரால் தாங்க முடியவில்லை, அதுதான் காரணம்.

"ஆர் மற்றாக்கள் மாதிரி? ஒன்பது தரம் இறங்கின நாள் இருக்கு, பிள்ளை. ஏழுக்குக் குறைஞ்சால் எனக்குக் காய்ச்சல் எண்டு அர்த்தம். பதினைஞ்சு பாகம், உங்கடை கணக்கிலை தொண்ணூறு அடி. உந்தப் பெடியள் நிண்டு முழிக்கிற ஆழத்திலை நான் திரும்பியும் பாக்கிறேல்லை."

கட்டடத்தில் றோல்ஸ் மெல்லுகிற சத்தம் நின்றது. டொக்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"மேலை வரேக்கை மெதுவா வருவீங்களோ? இடையிலை நிண்டு நிண்டு?"

"என்னத்துக்கு? சிலிண்டர் முடிஞ்சால் ஒரே எழும்பல்தான். கீழை இருந்து செபமாலையோ சொல்லுறது?"

அவள் எழுதிக்கொண்டே போனாள். அது வியப்பால் என்று நினைத்து அவர் இன்னும் சில வீரங்களைச் சொன்னார். பிறகு அவரைப் படுக்கவைத்து, இடது காலை மடித்து உள்பக்கமாகத் திருப்பினாள்.

"நோகுதோ ஐயா?"

"இல்லை."

இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அவருடைய நெற்றி வியர்த்து, தலைமாட்டு விரிப்பு நனைந்தது.

"இல்லை" என்றார் மறுபடியும்.

திங்கட்கிழமை சிலிண்டர் கொட்டிலுக்குப் போனபோது அங்கே வேறொருவன் நின்றான். கிறிஸ்துநாயகம் முகத்துக்கு முன் வரவில்லை. இனி வேலையில்லை என்று ஆள் விட்டுச் சொன்னார். கண்ணுக்கு நேரே சொல்லத் துணிவில்லாதவனிடம் இத்தனை வருடம் வேலை செய்தோமே என்றுதான் நீக்கிலாப்பிள்ளை வெட்கப்பட்டார்.

ஆராய்ச்சிக்காக எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கான் படங்களில் அவருடையதை வைத்து நிவேதனா விளக்கினாள். ஸ்ரெல்லாவும் கூட இருந்தாள்.

"ஆழத்திலை இருக்கேக்கை மூச்சுக் காத்து இரத்தத்திலை கரைஞ்சிருக்கும். டக்கெண்டு மேலை வந்தால், சோடா மூடியைத் திறந்த மாதிரி அது குமிழாகும். அந்தக் குமிழ் எலும்புக்குப் போற சின்ன இரத்தக் குழாயை அடைச்சுப் போடும். இஞ்சை பாருங்கோ, தொடை எலும்பின்ரை தலை. பந்து மாதிரி இருக்க வேணும். உங்கடை இடப்பக்கத்து எலும்பு செத்து, இடிஞ்சு போச்சு. அதுக்கு மேலை மூடியிருந்த குருத்தெலும்பும் உரிஞ்சு போச்சு. வலப்பக்கமும் தொடங்கியிருக்கு."

"செத்தது எனக்குத் தெரியாதே" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"அது சாகேக்கை நோகாது ஐயா. இடியேக்கைதான் நோகும்."

ஸ்ரெல்லா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இடுப்புச் செத்தும் வாய் சாகேல்லை" என்றாள் மெல்ல.

இடது மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைப்பதென்று ஆயிற்று. ஆஸ்பத்திரி வாட்டில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், எதிர்க் கட்டிலில் மோட்டார் சைக்கிளால் விழுந்த பெடியன். இப்படி அற்ப காரணங்களுக்கு எலும்பை முறித்தவர்களோடு படுக்க நேர்ந்ததை அவர் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார். ஒப்பரேசன் நன்றாக முடிந்தது. புண்ணை ஈரம் படாமல் வைத்திருங்கள், கட்டை நீங்களாக அவிழ்க்காதீர்கள் என்று நேர்ஸ் இரண்டு தரம் சொன்னாள். அவர் மூக்கால் சத்தம் விட்டார்.

இருபத்தைந்து வருடமாகத் திருக்கை முள்ளும் சிப்பி விளிம்பும் அவருடைய தோலைக் கிழித்திருக்கின்றன. எல்லாவற்றையும் கடல்தண்ணீர்தான் ஆற்றியது. ஒரு துணிக்கட்டை நம்புவதற்கு அவர் என்ன கந்தோர்க்காரரா? ஸ்ரெல்லா சந்தைக்குப் போன ஒரு காலைப்பொழுதில், ஊன்றுகோலோடு இறங்குதுறைப் படி வரைக்கும் போனார். கட்டை அவிழ்த்து, கையால் அள்ளி அள்ளிக் கடலைப் புண்ணில் விட்டார். எரிந்தது. எரிந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று நாள் அப்படிச் செய்தார்.

முதலில் புண் காய்ந்ததுபோலத் தெரிந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. பிறகு தையல் ஓரத்தில் சீழ். மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவருக்கு நினைவே தடுமாறிக்கொண்டிருந்தது.

நிவேதனா பார்க்க வந்தாள். "மூட்டுக்குள்ளை எடுத்த தண்ணியிலை கடல் கிருமி கிடக்கு. இது எப்பிடி வந்தது? ஐயா, என்ன செய்தனீங்கள்?"

அவர் கூரையைப் பார்த்தார். ஸ்ரெல்லா சொன்னாள்:

"சாரமெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது பிள்ளை. நான் தோய்க்கேக்கைதான் கண்டனான். கேட்டால் வியர்வை எண்டார்."

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாயிருந்திருக்கும். தோலில் வருகிற கிருமியை உடம்பின் இரத்தம் வந்து விரட்டும்; உலோகத்துக்குள் இரத்தம் ஓடாது. கிருமி அதில் ஒட்டி, தன்னைச் சுற்றிப் பாசிபோல ஒரு படலத்தை விரித்துக்கொள்ளும். எந்த மருந்தும் அதற்குள் இறங்காது. வைத்த மூட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்றாள்.

கழற்றினார்கள். அந்த இடத்தில் மருந்து கலந்த சீமெந்துக் கட்டி ஒன்றை வைத்து மூடினார்கள். நரம்பு வழியே வாரக் கணக்கில் மருந்து ஏறியது. கடலின் அடியில் தனியாக நின்ற மனிதர், கட்டிலில் திரும்பிப் படுக்க இரண்டு பேருடைய உதவியைக் கேட்டார். மலம் கழிக்க ஸ்ரெல்லா பாத்திரம் பிடித்தாள். அந்த நேரங்களில் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். இவ்வளவு காலமும் ஊரெங்கும் வாரி இறைத்த இளக்காரம், போக வேறு இடமில்லாமல் அவர்மேலேயே வந்து குந்தியது.

"ஊரிலை இருக்கிற எல்லாரையும் விசரர் எண்டு சொல்லித் திரிஞ்சியள். முழு விசர் வீட்டிலை கிடக்குது" என்றாள் ஸ்ரெல்லா, முதுகைத் துடைத்துக்கொண்டே.

கிருமி அடங்கிய பின் புது மூட்டு வைத்தார்கள். இடது கால் சற்றே கட்டையாகிப் போயிற்று. பொல்லோடு வீட்டுக்கு வந்து சேர்ந்த சில மாதங்களில் நிவேதனா ஒருநாள் நேரில் வந்தாள். ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்துவிட்டது என்றாள். சொல்ல விருப்பமில்லாதவள்போல இருந்தாள்.

"என்ன எழுதியிருக்கிறியள்?"

"எத்தினை தரம் இறங்கிறது, எவ்வளவு ஆழம் போறது எண்டதுக்கும் எலும்பு சாகிறதுக்கும் தெளிவான தொடர்பு காட்ட முடியேல்லை. இன்னும் ஆராய வேணும் எண்டு."

நீக்கிலாப்பிள்ளை பொல்லை நிலத்தில் ஊன்றி நிமிர்ந்தார். "நான் ஒன்பது எண்டு சொன்னன் எல்லோ?"

"நீங்கள் ஒராள்தான் சொன்னீங்கள் ஐயா. மிச்சம் எல்லாரும் ரெண்டு எண்டு சொல்லியிருக்கினம். ஆனால் ஸ்கானிலை அவையிலும் கனபேருக்கு எலும்பு செத்திருக்கு, சொல்லியும் ஒருத்தரும் வைத்தியத்துக்கு வரேல்லை. ரெண்டு தரம் இறங்கினவைக்கும் அதுதான், ஒன்பது தரம் இறங்கின உங்களுக்கும் அதுதான் எண்டால், இறங்கிறதிலை பிழையில்லை எண்டுதானே கணக்குக் காட்டும்?"

"அவங்கள் சொன்னது பொய் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எழுதினியளோ?"

"அவை சொன்னதைத்தான் எழுதலாம். நான் நினைக்கிறதை எழுதேலாது."

இப்படியும் ஒரு படிப்பா என்று அவருக்கு வாய்வரை வந்தது. ஆனால் அவள் தலையைக் குனியவில்லை, சாக்கும் சொல்லவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் இடைஞ்சலாயிருந்தது. ஸ்ரெல்லாவைத் தேத்தண்ணி வைக்கச் சொன்னார்.

கிறிஸ்துநாயகத்துக்குக் கட்டுரை தேனாய் இனித்தது. யாரையோ பிடித்துத் தமிழில் சொல்லக் கேட்டு, சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று அறிவித்தார்: "டொக்டர்மாரே எழுதிப் போட்டினம், எங்கடை தொழிலிலை ஒரு பிழையும் இல்லை. சும்மா சில பேர் தங்கடை வருத்தத்தைத் தொழிலின்ரை தலையிலை கட்டப் பாக்கினம்." பொய் சொன்னவர்கள் தங்கள் பொய்யையே சாட்சியாகக் கேட்டுக் கை தட்டினார்கள். கேள்விப்பட்ட நீக்கிலாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் ஸ்ரெல்லா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

கை தட்டியவர்களில் ஒருவன் சில நாளில் வாசலுக்கு வந்தான். றோய். கையில் ஒரு நல்ல பாரை மீன்.

"நீக்கிலா அண்ணை, சும்மா பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்."

"சும்மா வாறவன் சாளை கொண்டு வருவான். பாரை கொண்டு வந்தால் ஏதோ கிடக்கு. சொல்லு."

அவன் மீனை ஸ்ரெல்லாவிடம் நீட்டினான். இடது கையால் நீட்டினான். வலது கை உடம்போடு ஒட்டிக்கிடந்தது.

"தோள்மூட்டு அண்ணை. சீப்பாலை தலை இழுக்கக் கை எழும்புதில்லை. உங்களுக்கு முதல்லை எப்பிடி நொந்தது?"

"எனக்கோ? நான் ஒன்பது தரம் இறங்கினவன், எனக்கு நோகும். நீ ரெண்டே ரெண்டு தரம் இறங்கிற பச்சைப்பிள்ளை. உனக்கு என்னத்துக்கு நோகுது? வாய்வாயிருக்கும். நல்லெண்ணெய் போடு."

றோய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அண்டைக்குச் சம்மாட்டி பக்கத்திலை நிண்டவர்..."

"இப்ப அவர் எங்கை நிக்கிறார்? உன்ரை தோளுக்குள்ளையோ? உன்ரை பொய்யாலை அந்த டொக்டர்ப் பெட்டை பிழையாய் எழுதிப்போட்டுத் திரியுது. கை தட்டினியாமே, எந்தக் கையாலை தட்டினனீ?"

"இஞ்சரப்பா, காணும்" என்றாள் ஸ்ரெல்லா.

காணாது, இன்னும் ஏசவேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் தொலைபேசியை எடுத்து நிவேதனாவின் இலக்கத்தை அழுத்தினார். "ஒரு கோழை வந்து நிக்குது. எப்ப கூட்டிக்கொண்டு வாறது?"

ஒன்று வந்ததும் மற்றவை வந்தன. சுறாவோ நண்டோ கையில், முழங்காலோ தோளோ நொந்தபடி. நீக்கிலாப்பிள்ளை ஒவ்வொருவனையும் வாசலிலேயே உரித்துத் தொங்கவிட்டார். பிறகு பெயரைக் கேட்டு டொக்டருக்குச் சொன்னார். ஏன் வந்தோம் என்று வெட்கப்பட்டுத் திரும்பிப் போனவர்களும் உண்டு. கடைசியில் ஐந்து பேர் ஒரு வானில் ஏறினார்கள். பிந்தி வந்ததற்காக அந்த ஐவரையும், வராததற்காக மற்றவர்களையும் வழிநெடுக ஏசிக்கொண்டு அவரும் முன் இருக்கையில் போனார்.

கிளினிக்கில் கிறிஸ்துநாயகம் இல்லை, றோல்ஸ் இல்லை. நிவேதனா பழைய கேள்வியையே கேட்டாள்.

றோய் கதவோரம் உட்கார்ந்திருந்த நீக்கிலாப்பிள்ளையைப் பார்த்தான். நெஞ்சை நிமிர்த்தினான். "ஒன்பது தரம் டொக்டர். சில நாள் பத்தும்."

நீக்கிலாப்பிள்ளைக்குப் பொல்லால் ஒன்று போடலாம் போலிருந்தது. "டொக்டர், உவன் ஒரு நாளும் ஒன்பது கண்டவன் இல்லை. ஏழு எண்டு போடுங்கோ. நல்ல வெயில் நாளிலை எட்டு. பத்தாம். நாய்."

நிவேதனா றோயைப் பார்த்தாள். "உண்மையாய் எத்தினை அண்ணை?"

"ஏழு" என்றான் றோய்.

அவள் எழுதினாள்.

றோய்க்கு எலும்பு இடியவில்லை, தொடக்கம்தான். இனி ஆழம் இறங்கக்கூடாது என்றார்கள். அவன் அதற்குப் பிறகும் சில கிழமை ஒளித்து இறங்கி, சிலிண்டரைத் தூக்க முடியாமல் போனபின்தான் விட்டான். இப்போது வலை இழுக்கிறான். அதற்காகவும் நீக்கிலாப்பிள்ளை அவனோடு கதைப்பதில்லை. கிறிஸ்துநாயகம் வெளியூரிலிருந்து சுழியோடிகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அவருடைய வள்ளங்கள் ஒருநாளும் ஓயவில்லை. திருநாளுக்குச் சப்பறச் செலவும் அவர்தான்.

நீக்கிலாப்பிள்ளைக்குச் சந்தையில் மீன் ஏலம் கூறுகிற வேலை கிடைத்தது. நிற்கப் பொல்லும் கத்த வாயும் போதும். குறைத்துக் கேட்கிறவர்களை அவர் படுத்துகிற பாட்டைப் பார்க்கவே சனம் கூடும், விலையும் கூடும். வலது இடுப்பும் இப்போது நோகத் தொடங்கியிருக்கிறது. ஒப்பரேசனுக்குத் திகதி கேட்டிருக்கிறார். இம்முறை புண்ணின் கட்டை ஸ்ரெல்லா பூட்டுப்போட்டுக் காப்பதாகச் சொல்கிறாள்.

நிவேதனாவின் இரண்டாவது கட்டுரை இன்னும் வரவில்லை. இடைக்கிடை அவரே அழைத்து, "எழுதி முடிஞ்சுதோ, இல்லாட்டி இன்னும் ஆராயிறியளோ?" என்று கேட்பார். இன்னும் கொஞ்சப் பேர் வேண்டும் ஐயா என்பாள் அவள்.

போன மாதம் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது கூட்டத்துக்கு அப்பால் ஒருவன் போனான். கிறிஸ்துநாயகத்தின் புது ஆள். அகன்ற நெஞ்சு, இளம் வயது. நடையில் ஒரு பக்கம் மெல்லச் சரிந்தது. நீக்கிலாப்பிள்ளை கையிலிருந்த மீனைத் தராசில் போட்டுவிட்டு, ஏலத்தை அப்படியே நிறுத்தினார்.

"டேய், ஆம்பிளை" என்று கத்தினார். "இஞ்சை வா. எந்தப் பக்கம் நோகுது?"